ஜாமீன் இல்லாத கடன்: பிரெஞ்சுக் கால்பந்து ஒளிபரப்பு வியாபாரம்

கால்பந்தாட்டத்துக்கும் வணிகர் சங்க இதழுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கக்கூடும். கோல் யார் போட்டார், கோப்பை யாருக்கு என்பது நமது இதழின் வேலையல்ல. அந்த ஆட்டத்தை டி.வி.யில் காட்டும் உரிமையை விற்பதும் வாங்குவதும் இன்று ஐரோப்பாவில் ஆண்டுக்குப் பல நூறு கோடி யூரோ புரளும் மொத்த வியாபாரம். அதில் ஏலம் உண்டு, தவணை உண்டு, ஜாமீன் உண்டு, வராக்கடன் உண்டு. கடைசியில், மாதச் சந்தா கட்டும் வாடிக்கையாளர் "இந்த விலைக்கு வேண்டாம்" என்று திரும்பிப் போவதும் உண்டு. மளிகைக் கடையிலும் மண்டியிலும் நாம் அன்றாடம் பார்ப்பதுதான். தொகைக்குப் பின்னால் சில பூஜ்யங்கள் கூடுதல், அவ்வளவே.

பிரான்சு நாட்டின் முதல்நிலைப் போட்டியான 'லீக் 1' கடந்த சில ஆண்டுகளில் பட்ட பாட்டை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு சரக்கை விற்பவர் செய்யக்கூடிய எல்லாத் தவறுகளையும் அந்த லீக் வரிசையாகச் செய்தது. முடிவில், இடைத்தரகர் யாரும் வேண்டாம் என்று தானே சில்லறைக் கடை திறந்து உட்கார்ந்துவிட்டது. உற்பத்தியாளர் நேரடியாக வாடிக்கையாளரிடம் போவது என்ற பேச்சு நம் தொழிலிலும் அடிபடுவதால், அங்கே அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு விளக்கம்: தொகைகள் எல்லாம் யூரோவில் தரப்பட்டுள்ளன. 2025 நிலவரப்படி ஒரு யூரோ ஏறக்குறைய நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கு சுலபம்.

சரக்கு எப்படிப்பட்டது?

நேரடி ஒளிபரப்பு என்பது கீரைக்கட்டைப் போன்ற சரக்கு. ஆட்டம் நடக்கும் இரண்டு மணி நேரம்தான் அதற்கு முழு விலை. முடிவு தெரிந்தபின் அதே ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்கிறவர் மிகக் குறைவு. சினிமாப் படம் அப்படியல்ல; பத்து ஆண்டு கழித்தும் ஓடும். எனவே கால்பந்து லீக் தன் சரக்கை முன்கூட்டியே, ஆட்டம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே, மூன்று நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து டெண்டர் விட்டு விற்றுவிடுகிறது. ஆட்டங்களை 'லாட்' என்று பிரிக்கிறார்கள். ஞாயிறு இரவு பெரிய ஆட்டம் ஒரு லாட், மற்றவை வேறு லாட். அதிக விலை கேட்டவருக்கு அந்த லாட்டின் தனியுரிமை. அவர் கட்டும் தவணைப் பணம் லீக்குக்கு வரும். லீக் அதை கிளப்புகளுக்குப் பங்கிடும். கிளப்புகள் அந்தப் பணத்தை நம்பி வீரர்களுக்குச் சம்பள ஒப்பந்தம் போடும்.

இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். வருகிற பணம் வருவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது.

தனியுரிமை என்பதுதான் விலையை ஏற்றுவது. ஊரில் ஒரே கடையில்தான் சர்க்கரை கிடைக்கும் என்றால் அந்தக் கடைக்காரர் எந்த வாடகையும் கொடுக்கத் தயாராக இருப்பார் அல்லவா? பிரான்சில் 1984 நவம்பரில் 'கனால் பிளஸ்' என்ற சந்தா சேனல் தொடங்கியது. தொடங்கிய வாரத்திலேயே, நவம்பர் 9 அன்று, நான்ட் - மொனாக்கோ ஆட்டத்தை நேரடியாகக் காட்டியது. அன்றுமுதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சேனலும் பிரெஞ்சுக் கால்பந்தும் மாமன் மச்சான் போலத்தான் இருந்தன. போட்டியாகச் செயற்கைக்கோள் சேனல் ஒன்று முளைத்தபோது விலை எகிறியது. 2005 முதல் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 60 கோடி யூரோ கொடுத்துக் கனால் பிளஸ் மொத்தத்தையும் வாங்கியது. பிறகு கத்தார் நாட்டின் 'பீ-இன் ஸ்போர்ட்ஸ்' வந்தது. 2016 முதல் 2020 வரையிலான நான்கு ஆண்டுகளுக்கு இருவரும் சேர்ந்து ஆண்டுக்கு 72.65 கோடி யூரோ.

நியாயமான விலைதான். இருவரும் பணம் கட்டுகிறவர்கள். ஆனால் கிளப்புகளுக்கு ஒரு ஆசை. 'நூறு கோடி' என்ற எண்ணைத் தொட வேண்டும்.

நூறு கோடிக் கனவு

2018 மே 29 அன்று ஏலம் நடந்தது. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த 'மீடியாப்ரோ' என்ற நிறுவனம் வந்து, பத்து ஆட்டங்களில் எட்டைக் காட்டும் உரிமைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 78 கோடி யூரோ கேட்டது. பீ-இன் மீதி இரண்டு ஆட்டங்களுக்கு 33.2 கோடி. கைபேசித் துண்டுக் காட்சிகளையும் சேர்த்து மொத்தம் ஆண்டுக்கு 115 கோடி யூரோவைத் தாண்டியது. நூறு கோடி தாண்டிவிட்டது என்று கிளப்புத் தலைவர்கள் மகிழ்ந்தார்கள். பழைய வாடிக்கையாளரான கனால் பிளஸ்ஸுக்கு 1984க்குப் பிறகு முதன்முறையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

மீடியாப்ரோவுக்கு அப்போது பிரான்சில் ஒரு சேனல்கூட இல்லை. சந்தாதாரர் ஒருவரும் இல்லை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதோ 2020இல்தான். அதுமட்டுமல்ல. அதே 2018ஆம் ஆண்டில், பக்கத்து நாடான இத்தாலியின் லீக் உரிமையையும் இதே நிறுவனம் நூறு கோடிக்கு மேல் கேட்டு எடுத்திருந்தது. இத்தாலியர்கள் வங்கி உத்தரவாதம் கேட்டார்கள். கேட்ட உத்தரவாதம் வரவில்லை. இத்தாலியர்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். இவையெல்லாம் பத்திரிகைகளில் வந்த செய்திகள். மறைவாக நடந்தது ஒன்றுமில்லை.

பிரெஞ்சு லீக் வங்கி உத்தரவாதம் வாங்கவில்லை. மீடியாப்ரோவின் பெரும்பங்குதாரரான சீன முதலீட்டு நிறுவனத்தின் ஜாமீன் போதும் என்று ஏற்றுக்கொண்டது. புதிதாக ஊருக்கு வந்தவர், பக்கத்து ஊர் மண்டியில் ஜாமீன் தர முடியாமல் சரக்கு மறுக்கப்பட்டவர். அவருக்கு நான்கு ஆண்டுச் சரக்கைக் கடனில் எழுதிக் கொடுப்பதா? நம் உறுப்பினர்களில் மிகச் சிறிய கடை வைத்திருப்பவர்கூட யோசித்திருப்பார். விலை அதிகம் சொன்னவருக்கே சரக்கு என்று ஏல விதி சொல்லலாம். பணம் வருமா என்று பார்ப்பது விதியில் எழுதப்படாவிட்டாலும் வியாபாரத்தில் உள்ளது.

2020 வந்தது, கொரோனாவும் வந்தது. அந்த ஏப்ரலில் பழைய சீசன் பாதியில் நின்றது. லீக் அரசு உத்தரவாதத்துடன் 22.45 கோடி யூரோ கடன் வாங்கிக் கிளப்புகளைக் காப்பாற்றியது. ஆகஸ்டில் புதிய சீசன்; மீடியாப்ரோ 'டெலிஃபூட்' என்ற சேனலைத் தொடங்கி, மாதச் சந்தா 25.90 யூரோ என்று வைத்தது. முதல் தவணையான 17.2 கோடி வந்தது. அக்டோபர் தவணை வரவில்லை. டிசம்பர் தவணையும் வரவில்லை. கொரோனா காரணமாக விலையைக் குறைக்க வேண்டும் என்று மீடியாப்ரோ பேச்சு வார்த்தைக்கு வந்தது. இரண்டு தவணையும் சேர்ந்து ஏறக்குறைய 32.5 கோடி பாக்கி. வணிக நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சமரசம் பேசி, 10 கோடி யூரோ மட்டும் கொடுத்துவிட்டு உரிமையைத் திருப்பித் தந்து நடையைக் கட்டியது அந்த நிறுவனம். 2021 பிப்ரவரியில் டெலிஃபூட் மூடப்பட்டது.

கொரோனாவைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சந்தாதாரர் எண்ணிக்கை 6 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 25.90 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 18.6 கோடி யூரோ வருகிறது. வரியும், வழங்கும் நிறுவனங்களின் கமிஷனும் இன்னும் கழிக்கவில்லை. கட்ட வேண்டியதோ 78 கோடி. ஈடுகட்ட 35 லட்சம் பேர் வேண்டும் என்று நிறுவனமே இலக்கு சொல்லியிருந்தது. அதற்கு மேல், ரசிகர் ஒருவர் எல்லா ஆட்டங்களையும் பார்க்க விரும்பினால் டெலிஃபூட்டுக்கு ஒரு சந்தா, மீதி இரண்டு ஆட்டத்துக்குக் கனால் பிளஸ் சந்தா, ஐரோப்பியக் கோப்பைக்கு இன்னொரு சேனல் சந்தா என்று மூன்று இடத்தில் பணம் கட்ட வேண்டும். ஒரே குழம்பு வைக்கப் புளிக்கு ஒரு கடை, மிளகாய்க்கு ஒரு கடை, உப்புக்கு ஒரு கடை என்று அலையவிட்டால் வாடிக்கையாளர் என்ன செய்வார்? குழம்பையே விட்டுவிடுவார். அல்லது திருட்டுத்தனமாக எங்கே கிடைக்கும் என்று பார்ப்பார்.

பழைய வாடிக்கையாளரின் கோபம்

உரிமை திரும்பி வந்ததும் லீக் மறுபடி விற்கப் போயிற்று. 2021 ஜூனில் அமேசான் வந்து, அதே எட்டு ஆட்டங்களை ஆண்டுக்கு 25 கோடி யூரோவுக்கு எடுத்துக்கொண்டது. 78 கோடிக்குப் போன சரக்கு 25 கோடிக்கு! இங்கேதான் பெரிய சிக்கல். கனால் பிளஸ், பீ-இன்னிடமிருந்து உள்குத்தகையாக எடுத்திருந்த இரண்டு ஆட்டங்களுக்கு 33.2 கோடி கட்டிக்கொண்டிருந்தது. எட்டு ஆட்டம் 25 கோடி. இரண்டு ஆட்டம் 33.2 கோடி. எங்களுக்கும் விலையைக் குறையுங்கள் என்று கேட்டதற்கு லீக் மசியவில்லை. வழக்கு மேல் வழக்கு. ஒப்பந்தக் காலம் முடியும் வரை பணம் கட்டிவிட்டு, அதன்பின் அந்தச் சேனல் இந்த ஏலத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எமது கருத்தில், பிரெஞ்சு லீக்குக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் மீடியாப்ரோ கொடுக்காமல் போன பணம் அல்ல, இதுதான். நாற்பது ஆண்டு வாடிக்கையாளர் போனபின், அடுத்த ஏலத்தில் விலையை ஏற்றிக் கேட்க எதிர்க்கட்சி ஆள் யாரும் இல்லாமல் போயிற்று. ஏலத்துக்கு இரண்டு பேராவது வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் அது ஏலமல்ல, பேரம்.

அப்படியே நடந்தது. 2023 அக்டோபரில் லீக் மறுபடி டெண்டர் விட்டது. முக்கிய லாட்டுகளுக்குக் குறைந்தபட்ச விலை ஏறத்தாழ 80 கோடி. அந்த விலைக்கு ஒருவரும் வரவில்லை. மாதங்கள் கடந்தன. 2024 ஆகஸ்ட் 16இல் சீசன் தொடங்க வேண்டும். ஜூலை நடுவில்தான் விற்பனை முடிந்தது. இணையம் வழியாக விளையாட்டுகளைக் காட்டும் 'டாசோன்' என்ற நிறுவனம் ஒன்பது ஆட்டங்களில் எட்டை ஆண்டுக்கு 40 கோடிக்கும், பீ-இன் மீதி ஒன்றை ஏறக்குறைய 10 கோடிக்கும் எடுத்தன. (2023இல் கிளப்புகள் இருபதிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டதால் வாரத்துக்கு ஒன்பது ஆட்டம்.) கீரைக்காரி மாலை ஆறு மணிக்கு என்ன விலைக்குக் கொடுப்பாளோ, அந்த விலை.

சந்தா முப்பது யூரோ

டாசோன் வைத்த சந்தா: ஓராண்டு கட்டாய ஒப்பந்தத்துடன் மாதம் 29.99 யூரோ. கட்டாயமில்லாமல் வேண்டுமென்றால் 39.99 யூரோ. அமேசான் காலத்தின் தொடக்கத்தில் எட்டு ஆட்டங்களுக்கு, பிரைம் சந்தாவுக்கு மேல் 12.99 யூரோதான் கட்டினார்கள். சில ஆண்டுகளில் விலை இரண்டு மடங்குக்கு மேல். வாங்குபவர் கொதித்துப் போனார். முதல் நாள் ஆட்டத்தையே பலர் டெலிகிராம் வழியாகவும், மலிவு விலைத் திருட்டுப் பெட்டிகள் வழியாகவும் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே டாசோன் சலுகை விலை அறிவிக்க நேர்ந்தது. சலுகை வந்ததும், முழு விலைக்கு முதலில் சேர்ந்தவர்களுக்கு மனக்கசப்பு. இதை நாம் தீபாவளித் தள்ளுபடி சமயத்தில் பார்த்திருக்கிறோம்.

சந்தாதாரர் எண்ணிக்கை ஏறக்குறைய 5 லட்சத்தில் நின்றுவிட்டது. ஒப்பந்தத்திலோ, இரண்டு ஆண்டுகளில் 15 லட்சத்தை எட்டாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்ற வழி இருந்தது. இங்கும் ஒரு கணக்கு: 5 லட்சம் பேர், முப்பது யூரோ, பன்னிரண்டு மாதம் என்றால் 18 கோடி. 15 லட்சம் பேர் என்றால் 54 கோடி. உரிமைக்கு மட்டும் 40 கோடி. ஆக, 15 லட்சம் என்ற எண் அலங்காரத்துக்குப் போட்டதல்ல, பிழைப்புக்கான எண்.

2025 பிப்ரவரித் தவணையில் டாசோன் பாதியைக் கட்டாமல் நிறுத்தி வைத்தது. திருட்டு ஒளிபரப்பை லீக் தடுக்கவில்லை, கிளப்புகள் ஒத்துழைக்கவில்லை என்பது அதன் வாதம். லீக் நீதிமன்றம் போனது. டாசோன் பதிலுக்கு 57.3 கோடி யூரோ நஷ்டஈடு கேட்டது. கடைசியில் அந்த சீசனோடு இருவரும் பிரிந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் ஓராண்டில் முடிந்தது.

இதே டாசோன் 2024 ஏப்ரலில் ஜெர்மனியில் ஒரு லாட்டுக்கு ஆண்டுக்கு 40 கோடி கேட்டபோது, ஜெர்மன் லீக் 24 மணி நேரத்துக்குள் வங்கி உத்தரவாதம் கொண்டுவரச் சொன்னது. வராததால் விலை குறைவாகக் கேட்ட வேறொருவருக்குக் கொடுக்கப் பார்த்தது. டாசோன் நடுவர் மன்றம் போய் மறு ஏலத்துக்கு உத்தரவு வாங்கியது என்பதும் உண்மை. அவ்வளவு அவசரமாகக் கேட்டது சரியா என்று வாதிடலாம். ஆனால் டிசம்பரில் முடிவு வந்தபோது ஜெர்மானியர்கள் நான்கு ஆண்டுக்கு 448.4 கோடி யூரோ உறுதி செய்துகொண்டார்கள். முந்தைய ஒப்பந்தத்தைவிட இரண்டு சதவீதம்தான் அதிகம். நூறு கோடிக் கனவு எதுவும் இல்லை.

இங்கிலாந்திலும் நடந்ததுதான்

ஜாமீன் விஷயத்தில் பிரெஞ்சுக்காரரை மட்டும் குறை சொல்லக்கூடாது. இங்கிலாந்தில் பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள கிளப்புகளின் அமைப்பான ஃபுட்பால் லீக், 2001 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 31.5 கோடி பவுண்டுக்கு 'ஐ.டி.வி. டிஜிட்டல்' நிறுவனத்துக்கு உரிமையை விற்றது. அதற்குப் பின்னால் நின்றவை கார்ல்டன், கிரனாடா என்ற இரண்டு பெரிய டி.வி. கம்பெனிகள். ஓராண்டுக்குள், 2002இல், ஐ.டி.வி. டிஜிட்டல் முழுகியது. 17.85 கோடி பவுண்டு பாக்கி. பெரிய கம்பெனிகள் இரண்டும் கொடுக்கட்டும் என்று லீக் உயர் நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பு: தாய் கம்பெனிகள் ஜாமீன் கையெழுத்துப் போட்டதாக எந்தப் பத்திரமும் இல்லை, எனவே பொறுப்பும் இல்லை. பெரிய வீட்டுப் பிள்ளை என்று கடன் கொடுத்துவிட்டு, அப்பா கையெழுத்து வாங்க மறந்த கதை. சிறு நகரக் கிளப்புகள் பல நிர்வாகியின் கைக்குப் போயின.

மேல்தட்டான பிரீமியர் லீக்கில் நிலைமை வேறு. 1992இல் ஐந்தாண்டுக்கு 30.4 கோடி பவுண்டு என்று தொடங்கிய உரிமை விலை, 2016 - 2019 மூன்றாண்டுக்கு 513.6 கோடி வரை ஏறியது. அதற்குப் பிறகு ஏறவில்லை. 2025 முதல் நான்காண்டுக்கு 670 கோடி பவுண்டு என்று 2023 டிசம்பரில் அறிவித்தபோது 'இதுவரை இல்லாத பெரிய ஒப்பந்தம்' என்று தலைப்புகள் வந்தன. ஆனால் ஆண்டுக்குப் பார்த்தால் முந்தைய அளவேதான். காட்டும் ஆட்டங்களோ ஆண்டுக்கு 200இலிருந்து 270 ஆகிவிட்டன. விலையை மாற்றாமல் பாக்கெட்டில் எடையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பிஸ்கட் கம்பெனிகள் செய்வது இதற்கு நேர்மாறு என்பது நம் உறுப்பினர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தைப் பேசும்போது ஒரு கடைக்காரரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டுச் சந்தா வேறு, கடைச் சந்தா வேறு. மதுக்கடை, காப்பிக்கடை நடத்துபவர் வாடிக்கையாளர் பார்க்க டி.வி. வைத்தால் பல மடங்கு கட்டணம். போர்ட்ஸ்மத் நகரில் மதுக்கடை நடத்திய ஒரு பெண்மணி, உள்நாட்டுச் சந்தா ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 பவுண்டு என்பதால், சுமார் 800 பவுண்டுக்குக் கிரேக்க நாட்டுச் சேனலின் அட்டையை வாங்கி அதே ஆட்டங்களைக் காட்டினார். வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். அவர் விடவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். 2011 அக்டோபர் 4 அன்று, ஒரு நாட்டில் காசு கொடுத்து வாங்கிய அட்டையை இன்னொரு நாட்டில் பயன்படுத்தக்கூடாது என்று தடுப்பது ஐரோப்பியச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று தீர்ப்பு வந்தது; அடுத்த ஆண்டு அவர் மீதான தண்டனையும் ரத்தானது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு முடிச்சும் இருந்தது. ஆட்டத்துக்குப் பதிப்புரிமை இல்லை. திரையில் வரும் சின்னம், பாட்டு, வரைபடங்களுக்கு உண்டு. அவற்றைக் கடையில் பொதுமக்களுக்குக் காட்ட அனுமதி வேண்டும் என்றது. அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு லீக் தன் உரிமையை மறுபடி இறுக்கிக்கொண்டது. ஒரு சிறு வணிகர் வழக்கில் ஜெயித்தார். மற்ற கடைக்காரர்களுக்குச் சந்தா குறையவில்லை.

லீக் தானே கடை திறந்தது

திரும்பவும் பிரான்சுக்கு வருவோம். டாசோன் போனபின் வாங்க ஆளில்லை. 2025 ஆகஸ்ட் 15 அன்று லீக் தன் சொந்தச் சேனலான 'லீக் 1 பிளஸ்'ஸைத் தொடங்கியது. எட்டு ஆட்டங்கள், ஓராண்டு ஒப்பந்தத்துடன் மாதம் 14.99 யூரோ, ஒப்பந்தமின்றி 19.99. இருபத்தாறு வயதுக்குட்பட்டவருக்கு 9.99 யூரோவில் ஒரு திட்டம். டாசோன் கேட்டதில் பாதி விலை. தொடங்கிய சில வாரங்களில் சந்தாதாரர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியதாக லீக் அறிவித்தது.

விலையைப் பாதியாக்கியதும் வாடிக்கையாளர் இரண்டு மடங்கானார். முப்பது யூரோவுக்கு 5 லட்சம் பேர் என்றாலும் பதினைந்து யூரோவுக்கு 10 லட்சம் பேர் என்றாலும் கல்லாவில் விழுவது அதே 18 கோடிதான். வித்தியாசம் என்னவென்றால், முதல் கடையில் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது கடையில் தெரு நிறையக் கூட்டம். கூட்டம் இருந்தால் விளம்பரக்காரர் வருவார், அடுத்த ஆண்டு விலையைக் கொஞ்சம் ஏற்றினாலும் பாதிப் பேராவது நிற்பார். நாமானால் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்போம்.

ஆனால் கல்லாவில் விழுந்ததெல்லாம் லாபமல்ல. முன்பு மொத்த வியாபாரி பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போவார். சந்தா விற்றதா, விற்கவில்லையா என்பது அவர் தலைவலி. இப்போது கேமராக்காரருக்கும் வர்ணனையாளருக்கும் சம்பளம், விளம்பரச் செலவு, வாடிக்கையாளர் புகார், திருட்டு ஒளிபரப்பைத் துரத்தும் செலவு எல்லாம் லீக்கின் தலையில். தரகர் வேண்டாம் என்று தொடங்கினாலும் தரகர் இல்லாமல் முடியவும் இல்லை. தொலைபேசி நிறுவனங்கள் வழியாகவும், அமேசான் வழியாகவும், ஏன், சண்டை போட்டுப் பிரிந்த டாசோன் வழியாகவுமே லீக் 1 பிளஸ் சந்தா விற்கப்பட்டது. வீட்டு வாசல் வரை சரக்கைக் கொண்டுபோகத் தெரிந்தவரிடம்தான் கடைசியில் போக வேண்டியிருக்கிறது. நேரடி விற்பனை வந்தால் சில்லறை வணிகர் கதி என்ன என்று கவலைப்படுகிற நம் உறுப்பினர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொரு பழைய பாரமும் உண்டு. 2022இல் கையிருப்பு வறண்டபோது, லீக் தன் வியாபார நிறுவனத்தில் 13 சதவீதப் பங்கை 'சி.வி.சி.' என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 150 கோடி யூரோவுக்கு விற்றது. உரிமை விலை ஏறும் என்று நம்பிச் செய்த ஏற்பாடு. வந்த பணத்தில் பாரிஸ் கிளப்புக்கு 20 கோடி. லெ ஆவ்ர் என்ற துறைமுக நகரின் கிளப்புக்கு 15 லட்சம். அப்போது லெ ஆவ்ர் இரண்டாம் நிலையில் இருந்தது. அடுத்த ஆண்டே மேலே வந்து, அதே லீக்கில் விளையாடி, சி.வி.சி.யின் பங்குக்கான சுமையையும் சமமாகச் சுமந்தது. அவர்கள் வழக்குப் போட்டதில் வியப்பில்லை. விலை இறங்கினாலும் 13 சதவீதம் 13 சதவீதம்தானே.

பாரிஸ் கிளப்புக்கு இவையெல்லாம் பெரிய பாதிப்பல்ல. கத்தார் முதலாளி இருக்கிறார். 2025 மே 31 அன்று ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பையை இறுதியாட்டத்தில் இன்டர் மிலானை 5-0 என்று வீழ்த்தி வென்றது. சொந்த நாட்டு லீக்கின் ஒளிபரப்பு ஒப்பந்தம் முறிந்து கிடந்த அதே வாரங்களில் இது நடந்தது என்பது வேடிக்கை. சாப்பாட்டுக்கு லீக் பணத்தை நம்பி இருப்பவை மற்றக் கிளப்புகள்தான். ஆறு முறை சாம்பியனான போர்தோ கிளப்பின் அமெரிக்க முதலாளிகள் 2021 ஏப்ரலில், கொரோனாவையும் மீடியாப்ரோ விலகியதையும் காரணம் சொல்லிக் கையைக் கழுவினார்கள். அதன்பின் நிர்வாகக் கோளாறுகளும் சேர்ந்து, 2024இல் அந்தக் கிளப் தொழில்முறைத் தகுதியையே விட்டுக்கொடுத்து நான்காம் நிலைக்கு இறங்கியது.

பிரான்சில் கிளப்புகளின் கணக்கைத் தணிக்கை செய்ய 'டி.என்.சி.ஜி.' என்ற அமைப்பு உண்டு. ஒவ்வொரு கோடையிலும் கிளப் நிர்வாகிகள் பேரேட்டைக் கட்டிக்கொண்டு அங்கே போய் நிற்க வேண்டும். அடுத்த ஆண்டுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கீழ்நிலைக்கு இறக்கிவிடுவார்கள். 2025 ஜூன் 24 அன்று, பெயர்பெற்ற லியோன் கிளப்பையே அப்படி இறக்கினார்கள். முதலாளிகள் பணம் கொண்டுவந்து காட்டியபின் ஜூலையில் மேல்முறையீட்டில்தான் தப்பியது. முன்பெல்லாம் அந்த மேஜையில் ஒளிபரப்பு வரவு என்ற பத்திக்கு நேரே ஒப்பந்தத் தொகையை எழுதினால் போதும். லீக் சொந்தக் கடை திறந்தபின், அந்தப் பத்தியில் எழுத வேண்டியது, ஆகஸ்டில் எத்தனை பேர் பதினைந்து யூரோ சந்தாவைப் புதுப்பிப்பார்கள் என்ற கணக்கு.